பின்வளவிலை ஒரு வல்லரசு

உலகத்திலை இருக்கிற வல்லரசுகளோடை எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவை தங்கடபாட்டிலை கப்பல் விடட்டும், தீவு பிடிக்கட்டும், நான் குறுக்கை நிக்கமாட்டன். ஆனால் என்ரை சொந்த வளவுக்கை, என்ரை சொந்த உடுப்புக் கொடியிலை என்ரை சாரத்தைக் காயப்போட இன்னொருத்தரிட்டை அனுமதி கேக்க வேண்டி வந்தால் எனக்குக் கோபம் வராதோ? நீங்களே சொல்லுங்கோ.

என்ரை பேர் சோதிலிங்கம். நியூசிலாந்திலை, ஒக்லாண்டுக்குக் கிட்ட மனுகாவிலை ஒரு கொம்பனியிலை நிலப்படம் கீறுறது வேலை. வீடு பாபகூராவிலை. வீட்டுக்குப் பின்னாலை, வளவு மூலையிலை, தனிய ஒரு சின்ன அறை நிக்குது. இஞ்சத்தைய ஆக்கள் அதை ஸ்லீப்அவுட் எண்டுவினம். ஒரு கட்டில் போடலாம், ஒரு யன்னல் இருக்கு. கக்கூஸ் வேணுமெண்டால் எங்கட குசினிக்குள்ளாலைதான் வரவேணும்.

அந்த அறைக்கு நானும் மனுசி கௌரியும் பெயின்ற் அடிச்சு, யன்னலுக்குச் சீலை போட்டு வைச்சது மகேசனுக்காக. மகேசன் கௌரியின்ரை ஒரே தம்பி. எண்பத்திமூண்டு யூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலை ஆற்றையோ வீட்டிலை ஒளிச்சு இருந்தவன். றோட்டிலை இறங்கினால் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள் எண்ட பயம். அவனை இஞ்சை கூப்பிட விண்ணப்பம் போட்டால், குடிவரவுக் கந்தோர் ஒண்டே ஒண்டுதான் கேட்டுது: அவனுக்கெண்டு வெறுமையாய் ஒரு அறை இருக்கோ? தங்கட ஆள் வந்து கண்ணாலை பாப்பாராம். அறை இருந்தால் மகேசன் வருவான். இல்லையெண்டால் அவன் அங்கைதான். எங்களுக்கு அந்த அறை அவன்ரை உயிர்.

இனி வல்லரசுக்கு வருவம்.

அது எண்பத்தைஞ்சாம் ஆண்டு. அணுகுண்டுக் கப்பல் எங்கட துறைமுகத்துக்கு வரவேண்டாம் எண்டு நியூசிலாந்து அமெரிக்காவுக்குச் சொல்லி, ரெண்டு பக்கமும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிஞ்ச காலம். அந்த மனக்கசப்பைத் தீர்க்கவெண்டு 'பசிபிக் சமுத்திர நேசக் கழகம்' எண்டு ஒரு அமெரிக்கக் கூட்டம் ஒக்லாண்டுக்கு வந்து இறங்கிச்சுது. தலைவர் டொக்டர் ஹார்க்னஸ். நெடுவல், நரைச்ச தலை, எப்பவும் சிரிச்ச முகம். அமெரிக்கா கடல் தாண்டி எப்படியெல்லாம் நேசம் வளர்த்தது எண்டு நகர மையத்திலை ஒரு கண்காட்சி வைக்கப்போயினம். அதுக்குப் பெரிய பசிபிக் படம் ஒண்டு வேணுமெண்டு எங்கட கொம்பனிக்கு வந்தார். கீறுற வேலை என்னட்டை விழுந்துது.

நான் ஒழுங்காய்த்தான் கீறினன். ஹவாய், குவாம், பிலிப்பைன்ஸ், சாமோவாவிலை அரைவாசி, இப்படி அவை பிடிச்சதெல்லாத்துக்கும் ஒரே நிறம் அடிச்சு, 'அமெரிக்கா கைப்பற்றிய இடங்கள்' எண்டு கீழை எழுதினன். ஹார்க்னஸ் அதைப் பாத்திட்டு என்ரை தோளிலை கை போட்டார். மனுசன் கதைக்கிறதை எங்கட தமிழிலை சொன்னால் அந்தப் பவிசு வராது, அதாலை புத்தகத் தமிழிலை சொல்லுறன்.

"திரு. லிங்கம், 'கைப்பற்றிய' என்ற சொல் வேதனை தருகிறது. நாங்கள் ஹவாய்க்குப் போனோம். அங்கே ஒரு மகாராணி நிம்மதியில்லாமல் இருந்தார். நாட்டைச் சுமப்பது எவ்வளவு பெரிய பாரம்! அந்தப் பாரத்தை எங்கள் வணிகர்கள் இறக்கி வைத்தார்கள். எங்கள் கடற்படையினர் வெறுமனே பக்கத்தில் நின்றார்கள். துப்பாக்கியோடு நின்றார்கள், உண்மைதான். ஆனால் எவ்வளவு பணிவாக நின்றார்கள் தெரியுமா?"

'நண்பர்கள்' எண்டு மாத்தி எழுதச் சொன்னார். மாத்தினன். கீறுற கூலிக்காரனுக்கு என்ன வந்தது?

கண்காட்சிக்கு முதல் கிழமை, கப்பலுக்கு எதிரான ஆக்கள் வாசலிலை நிண்டு கத்த, மண்டபக்காரர் பயந்து இடமில்லையெண்டு கைவிரிச்சுப்போட்டினம். ஹார்க்னஸ் கண்காட்சிப் பெட்டியளோடை றோட்டிலை நிக்கிறார். மழை வேறை. என்னைப் பிடிச்ச சனியன், "என்ரை வீட்டிலை ஒரு அறை சும்மா கிடக்கு, சனி ஞாயிறு வேணுமெண்டால் வையுங்கோ" எண்டு வாயைத் திறந்தன். அறை பாக்கிற ஆள் வர இன்னும் ரெண்டு மாசம் கிடந்துது. ரெண்டு நாளிலை என்ன வந்திடப்போகுது எண்டு கௌரியும் தலையாட்டினாள்.

லொறி வந்துது. பெட்டியளோடை ட்ரூடி எண்டு கழகத்துப் பொம்பிளைப் பிள்ளை ஒண்டும் இறங்கிச்சுது. பெட்டியளைக் காவல் காக்கவாம். ஆரிட்டையிருந்து எண்டு கேட்டன். "இதுவரை யாரும் வரவில்லை. அதுவே நிலைமை எவ்வளவு ஆபத்தானது என்று காட்டுகிறது" எண்டார் ஹார்க்னஸ்.

ஞாயிறு பின்னேரம் ட்ரூடி ஒரு கிண்ணம் நிறைய பிஸ்கட் கொண்டுவந்து குசினியிலை தந்துது. நன்றிக்காம். இஞ்சைதான் பிழைச்சுது. எங்கட சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கெல்லோ, ஆரும் ஒரு ஏனத்திலை ஏதும் தந்தால் அந்த ஏனத்தை வெறுமையாய்த் திருப்பிக் குடுக்கிறேல்லை. கொஞ்சம் சீனியெண்டாலும் போட்டுத்தான் குடுப்பம். கௌரி உளுந்து வடை சுட்டு, சம்பலும் வைச்சுக் கிண்ணத்தைக் குடுத்துவிட்டாள்.

திங்கள் பெட்டி போகேல்லை. அதுக்குப் பதிலாய் ஹார்க்னஸ் வந்து வாசலிலை நிண்டு ஒரு பேச்சு நிகழ்த்தினார்.

"எங்கள் வருகையை இந்த வளவின் மக்கள் காணிக்கையோடு ஏற்றுக்கொண்டதை நேசக் கழகம் நன்றியுடன் பதிவு செய்கிறது. இவ்வளவு அன்பை உதறிவிட்டுப் புறப்படுவது நாகரிகம் ஆகாது."

அண்டைக்கே அதைவிடப் பெரிய தட்டிலை கேக் வந்துது. கௌரி பயத்தம் பணியாரம் போட்டுத் திருப்பினாள். அடுத்த கிழமை அண்டாப் போலை ஒரு தட்டிலை முழு வான்கோழி. நாங்கள் சுத்த சைவம். கௌரி மூக்கைப் பொத்திக்கொண்டு அதைப் பக்கத்து வீட்டுச் சாமோவாக்காரன் தவிதாவுக்குக் குடுத்தாள். ஆனால் தட்டு? அவ்வளவு பெரிய தட்டை நிரப்ப மனுசி முழுநாளும் அடுப்படியிலை நிண்டு முறுக்குப் பிழிஞ்சாள். "விசரே உமக்கு? ஒருக்கால் வெறுந்தட்டைக் குடுத்தால் அவை போயிடுவினம்" எண்டன். "என்னாலை ஏலாதப்பா, கை வருகுதில்லை" எண்டாள். அடுத்த தரம் வந்தது சில்லி பின், ஐஸ் போட்டு மீன் வைக்கிற பெரிய பெட்டி. நாலு பேர் தூக்கிற சாமான். அதுக்கும் பலகாரம் நிரப்பினாள்.

தவிதா வேலியாலை எட்டிப் பாத்துச் சிரிச்சான். அவன் அமெரிக்கச் சாமோவாவிலை, பாகோ பாகோவிலை பிறந்தவன். "எங்கட துறைமுகத்துக்கும் கப்பலுக்குக் கரி போட்டிட்டுப் போகத்தான் வந்தவை" எண்டான். "எப்ப போனவை?" எண்டன். "இன்னும் கரி போட்டு முடியேல்லை" எண்டிட்டு வான்கோழியைக் கடிச்சான்.

ஒரு காலமை படீர் எண்டு பெரிய சத்தம். கௌரி மேசைக்குக் கீழை பூந்திட்டாள், பாவம், கொழும்புப் பயம் இன்னும் விடேல்லை. பிறகு இது பாபகூரா, ஆரோ வெடி கொளுத்தி நல்ல காரியம் செய்யினம் எண்டு நினைச்சு, சந்தனமும் கற்கண்டும் தட்டிலை வைச்சுக்கொண்டு வெளியிலை போனாள். போனால், ஸ்லீப்அவுட் வாசலிலை கம்பம் நட்டு அமெரிக்கக் கொடி ஏத்திக்கிடக்கு. பக்கத்திலை கண்காட்சிக்குக் கொண்டுவந்த குட்டிப் பீரங்கி புகையுது. ஹார்க்னஸ் கற்கண்டை வாயிலை போட்டுக்கொண்டு கண் கலங்கினார்.

"குவாம் தீவிலும் இப்படித்தான், அம்மா! எங்கள் கப்பல் குண்டு போட்டது. அங்கிருந்த ஸ்பானிய அதிகாரிகள் அதை மரியாதை வேட்டு என்று நினைத்து, பதில் வேட்டுப் போட மருந்தில்லையே என்று மன்னிப்புக் கேட்க வந்தார்கள். அவர்களைச் சிறைப்பிடிக்க எங்களுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்!"

கௌரிக்கு நிலைமை விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்துது. விளங்கினதும், "இஞ்சேருங்கோ, மகேசன்ரை அறை..." எண்டு மட்டும் சொன்னாள்.

அண்டைக்கு நான் துணிஞ்சு, இந்த அறை எங்கட எண்டு சொன்னன். ஹார்க்னஸ் கையைப் பிடிச்சு வெளியிலை கூட்டிக்கொண்டு போய், கூரையைக் காட்டினார். கடற்காகம் எச்சம் போட்டு வெள்ளையாய்க் கிடக்குது.

"என்ன தெரிகிறது?"

"காகப் பீ."

"திரு. லிங்கம், பறவை எச்சம் கிடக்கிற, ஆள் குடியிருக்காத தீவை எந்த அமெரிக்கக் குடிமகனும் உரிமை கோரலாம் என்று எங்களிடம் பழைய சட்டம் ஒன்று உண்டு. எச்சம் அந்தக் காலத்தில் நல்ல உரம். நாங்கள் வரும்போது இந்த அறையில் யாராவது குடியிருந்தார்களா?"

"மகேசன் வாறதுக்குத்தான் வெறுமையாய் வைச்சிருந்தனாங்கள்!"

"அப்படியானால் குடியிருக்கவில்லை. அதோடு இது தீவல்ல என்று சொல்லாதீர்கள். நான்கு பக்கமும் புல் இருக்கிறது."

அடுத்ததாய் கக்கூஸ் பிரச்சினை. ட்ரூடியும், புதிசாய் வந்த ரெண்டு காவல்காரரும் ஸ்லீப்அவுட்டிலையிருந்து எங்கட குசினிக்குள்ளாலை போகவேணும். பனாமாவிலை அமெரிக்கா கால்வாய் வெட்டேக்கை ரெண்டு கரையும் சேத்து எடுத்தது போலை, பாதையும் பாதைக்கு ரெண்டு பக்கமும் கழகத்தின்ரை 'நேச வலயம்' எண்டு ஹார்க்னஸ் அறிவிச்சார். வலயத்துக்குள்ளை உடுப்புக் கொடியும், குசினியிலை அரைவாசியும், குளிர்சாதனப் பெட்டியும் அடங்கிச்சுது. கௌரி சீலை காயப்போட ட்ரூடியிட்டைச் சொல்லிப்போட்டுப் போகவேணும். நான் பால் எடுக்கவேணுமெண்டால் கையைக் காட்டிப்போட்டு எடுக்கவேணும். ட்ரூடி நல்ல பெட்டை, மறுக்கிறேல்லை. ஆனால் ஒவ்வொருக்காலும் "தாங்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம்" எண்டு சொல்லும். அந்தத் தாராளம்தான் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

வெட்கத்தைவிட்டு ஒண்டு சொல்லுறன். என்ரை படத்திலை பாபகூராவுக்கு ஒரு புள்ளி போடச் சொல்லி ஹார்க்னஸ் கேட்டார். போட்டன். மற்றப் புள்ளியளுக்கு அடிச்ச அதே நிறம், அதே அளவு. நான் கீறினால் ஒழுங்காய்த்தான் கீறுவன், என்ன செய்யிறது.

ஏன் நேரை "எப்ப போறியள்?" எண்டு கேக்கேல்லை எண்டு நீங்கள் கேப்பியள். நானும் கௌரியிட்டை அதைத்தான் கேட்டன். "வீட்டுக்கு வந்த சனத்திட்டை எப்ப போறியள் எண்டு கேக்கிறதோ? என்ன கதையப்பா?" எண்டாள். சரியெண்டு எங்கட முறையிலை சாடைமாடையாய்ச் சொல்லிப் பாத்தன். ஹார்க்னஸ் வரேக்கை பெரிசாய்க் கொட்டாவி விட்டன். "நாளைக்கு வேலையெல்லோ" எண்டு சுவரைப் பாத்துச் சொன்னன். ரீவியை நிப்பாட்டினன். யாழ்ப்பாணத்து மனுசன் எண்டால் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடியிருப்பான். ஹார்க்னஸ் என்னை உத்துப் பாத்திட்டு, "மக்கள் களைத்துப்போயிருக்கிறார்கள். தங்களைத் தாங்களே பாதுகாக்கும் நிலையில் இல்லை" எண்டு சொல்லி இன்னும் ஒரு காவல்காரனை வரவழைச்சார்.

அந்த நேரம் பாத்து மகேசன் கொழும்பிலையிருந்து போன் எடுத்தான். லைன் இரைஞ்சுது. "அக்கா, பக்கத்து லேனிலை ரெண்டு பெடியளைச் சுட்டுப்போட்டாங்கள். அறை ரெடியோ அக்கா?" எண்டான். கௌரி என்னைப் பாத்தாள். பாத்துக்கொண்டே, "ஓமடா, வடிவாய் பெயின்ற் அடிச்சு வைச்சிருக்கிறம்" எண்டு சொல்லிப்போட்டு, போனை வைச்ச கையோடை நிலத்திலை குந்தியிருந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்திட்டுது. எங்கட வீட்டிலை, எங்கட குசினியிலை, குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டு அழுகிறதெண்டாலும் அது அவையின்ரை வலயம்.

அறை பாக்கக் குடிவரவுக் கந்தோர் அம்மா வந்தா. நல்ல மனுசி, வாசலிலை சப்பாத்தைக் கழட்டினவ. நான் வாயைத் திறக்க முதல் ஹார்க்னஸ் முன்னாலை வந்திட்டார்.

"இந்த அறை முழுக்க முழுக்கத் திரு. லிங்கம் குடும்பத்துடையது. அதை நாங்கள் ஒருபோதும் மறுத்ததில்லை. ஓர் அறையை ஆளும் பக்குவம் அவர்களுக்கு வரும்வரை நாங்கள் அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறோம்."

"எப்ப வரும்?" எண்டு அந்த அம்மா கேட்டா.

"பிலிப்பைன்ஸ் மக்களுக்கு அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. இடையில் அவர்கள் சிலர் எங்களோடு சண்டை போட்டதால்தான் தாமதம். நிறையப் பேர் இறந்தார்கள். அவர்களைக் காப்பாற்ற நாங்கள் எவ்வளவு குண்டுகள் செலவழித்தோம் தெரியுமா?"

அம்மா என்னைப் பாத்து, "அறை வெறுமையாய் இல்லை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அறை கிடைச்சால் அறிவியுங்கோ" எண்டு சொல்லிப்போட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போயிட்டா.

அண்டைக்குத்தான் கௌரி மாறினாள். ட்ரூடியும் காவல்காரரும் வழமை போலை சில்லி பின் நிறையச் சாமான் தூக்கிக்கொண்டு வந்து வைச்சினம். கௌரி எல்லாத்தையும் வெளியிலை எடுத்தாள். சில்லி பின்னைக் கழுவினாள், துடைச்சாள். அடுப்புப் பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. நான் ஒரு பக்கம் பிடிக்க, தான் ஒரு பக்கம் பிடிச்சு, வளவைத் தாண்டிக் கொண்டுபோய் ஹார்க்னசுக்கு முன்னாலை வெறும் சில்லி பின்னைத் திறந்து வைச்சாள். ஒருத்தரைச் செருப்பாலை அடிக்கிறதுகூட அவளுக்கு அவ்வளவு கஷ்டமாய் இருந்திராது.

ஹார்க்னஸ் உள்ளுக்கை எட்டிப் பாத்தார். ஒண்டும் இல்லை. கையை விட்டு அடிவரைக்கும் தடவிப் பாத்தார்.

"பக்குவம் வந்துவிட்டது!" எண்டு கையைத் தட்டினார். "காணிக்கை தர மறுக்கிறார்கள். சுதந்திர மக்களின் முதல் அடையாளம் இது! உங்களுக்கு விடுதலை வழங்குகிறோம்."

அடுத்த சனிக்கிழமை விடுதலை விழா. பீரங்கி முழங்கிச்சுது. எங்களுக்கெண்டு தனிக்கொடி ஒண்டு தைச்சுக்கொண்டு வந்தவை, நடுவிலை வடை. குளிர்சாதனப் பெட்டி எங்களுக்கு, உடுப்புக் கொடி எங்களுக்கு. எனக்குச் சந்தோசம் எண்டால் சொல்லி மாளாது. கடைசியிலைதான் ஹார்க்னஸ் சொன்னார், புதிய நாட்டின்ரை பாதுகாப்புக்காக ஸ்லீப்அவுட் மட்டும் தளமாய்த் தங்களிட்டை இருக்குமாம். எவ்வளவு காலத்துக்கு? "தேவைப்படும்வரை." ஆருக்குத் தேவைப்படும்வரை எண்டு கேக்க வாயெடுத்தன், பாண்ட் வாத்தியம் தொடங்கியிட்டுது.

கௌரி விடேல்லை. விழாப் பந்தலுக்கு நடுவிலை போய் நிண்டு, "என்ரை தம்பிக்கு அறை தாங்கோ, அவன் செத்துப்போவான்" எண்டு இங்கிலீசும் தமிழுமாய்க் கத்தினாள். பாண்ட் நிண்டுது. ஹார்க்னஸ் உண்மையாய் உருகிப்போனார், அதை நான் சொல்லத்தான் வேணும். "அறை எதற்கு, அம்மா? தளத்துக்கு உள்ளூர்க் காவலர் தேவை. உங்கள் தம்பியை நாங்களே அழைக்கிறோம்" எண்டார்.

அழைச்சும் போட்டினம். நாங்கள் வருசக்கணக்காய் ஓடித் திரிஞ்ச விசயம் அவையின்ரை ஒரு சொல்லிலை முடிஞ்சுது. மகேசன் எயார்போட்டிலை எலும்பும் தோலுமாய் வந்து இறங்கினான். கௌரி அவனைக் கட்டிப்பிடிச்சுக் குழறினாள். அவன் இப்ப ஸ்லீப்அவுட்டிலைதான் இருக்கிறான், காக்கி உடுப்போடை. நாங்கள் பெயின்ற் அடிச்ச அதே அறை. அக்கா சோறு கொண்டுபோனால் வாசலிலை நிண்டு, "அக்கா, உள்ளுக்கை விட ஏலாது, சேர் ஏசுவார்" எண்டு தலையைக் குனிஞ்சுகொண்டு வாங்குவான். பரவாயில்லை, உயிரோடை இருக்கிறான். இரவிலை நித்திரை கொள்ளுறான். ஒவ்வொரு நாளும் யன்னலாலை அவனைப் பாக்கிறம், அது காணும். அவன்ரை விசாவிலை ஒரே ஒரு நிபந்தனை: பாபகூராவிலை கழகம் இருக்குமட்டும் அவன் இந்த நாட்டிலை இருக்கலாம்.

போன கிழமை ஹார்க்னஸ் வந்தார். முகத்திலை கவலை. அமெரிக்காவிலை மேலிடம் வேறை சமுத்திரத்துக்குப் போகச் சொல்லியிட்டுதாம். பெட்டி கட்டப்போயினமாம். "நாங்கள் போகிறோம்" எண்டார்.

இந்தச் சொல்லைக் கேக்க நான் எவ்வளவு காலம் காத்திருந்தன்! கேட்ட உடனை எனக்கு மகேசன்ரை விசாதான் நினைவுக்கு வந்துது. வெளியிலை மகேசன் கம்பத்துக்குப் பக்கத்திலை விறைச்சுப்போய் நிக்கிறான், அவனுக்கும் கேட்டிட்டுது.

கௌரி உள்ளுக்கை போனாள். கலியாணத்துக்குக் கட்டின கூறைச் சீலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஹார்க்னசுக்கு முன்னாலை நிண்டு, ரெண்டு கையையும் கூப்பி, "போகாதேங்கோ, எங்களோடை இருங்கோ" எண்டாள்.

ஹார்க்னஸ் எழும்பி நிண்டார். நரைச்ச தலையைக் கோதிவிட்டார். பிறகு ட்ரூடியைக் கூப்பிட்டு, குரல் பதியிற ரேப் ரெக்கோடரைக் கொண்டுவரச் சொன்னார். மேலிடத்துக்கு அனுப்பவேணுமாம், கண்காட்சியிலையும் போடலாமாம். மைக்கைக் கௌரியின்ரை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து பிடிச்சார்.

கௌரி திரும்பச் சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் மலர்ச்சியாக, அம்மா" எண்டார் ஹார்க்னஸ்.

கௌரி கண்ணைத் துடைச்சுப்போட்டு, சிரிச்சுக்கொண்டு சொன்னாள்.